பன்னிரண்டாம் வரியின் மஞ்சள்

கணினியின் நினைவகம் அன்று சொன்னதை நம்பவும் முடியாமல், தள்ளவும் முடியாமல், திரையில் சிமிட்டிக்கொண்டே இருக்கும் கர்சர் பல வருடம் மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தது.

திரையில் எழுத்துகள் மட்டுமே இருந்த காலம் அது. பன்னிரண்டாம் வரியில் 'ற' என்றொரு மஞ்சள் எழுத்து இருந்தது. கர்சர் பக்கத்தில் வந்தாலே அதை வம்புக்கு இழுக்கும்.

"கண்ணைச் சிமிட்டாம ஒரு நிமிஷம் நிக்க மாட்டியாடா?"

ஒரு நாள், "அழிக்கவா, வேண்டாமா?" என்று கேட்டபடி ஒரு பாப்-அப் பெட்டி இரட்டைக்கோட்டுச் சட்டத்தோடு அந்த வரியின் மேல் வந்து உட்கார்ந்தது. கர்சர் பதறியது.

"பயப்படாதே தம்பி," என்றது நினைவகம். "பெட்டி வர்றதுக்கு முந்தியே அடியில இருந்தவங்களை எடுத்து வச்சுட்டேன். அது போனதும் அப்படியே திருப்பி வச்சிடுவேன்."

பெட்டி போனது. எழுத்துகள் வரிசை மாறாமல் திரும்பின. 'ற'வும் வந்தது, சாம்பல் நிறத்தில். எழுத்துகளை எடுத்து வைக்கச் சொன்ன புரோகிராமர், நிறத்தை எடுத்து வைக்கச் சொல்ல மறந்திருந்தார். அது அங்கே யாருக்கும் தெரியாது.

"உன் மஞ்சள் எங்கேடா?" என்றது கர்சர்.

"என்ன மஞ்சள்? நான் எப்பவும் இப்படித்தான். சிமிட்டிச் சிமிட்டி உனக்குக் கண்ணு கெட்டுப்போச்சு."

மற்ற எழுத்துகளும் சிரித்தன. தான் பார்த்ததுதான் பொய்யோ என்று கர்சருக்கே சந்தேகம் வந்துவிட்டது. வருடங்கள் கழித்து அது நினைவகத்திடமே போய் நின்றது.

"அண்ணே, நீங்க எல்லாத்தையும் அப்படியே திருப்பி வச்சது நிஜம்னா, அவன் மஞ்சளா இருந்தது எனக்கு மட்டும் ஏன் ஞாபகம் இருக்கு?"