மெத்தில் கொடுத்த நேரம்

"மெத்தில் அக்ரிலேட் வேகமா சங்கிலி கட்டறது. மெத்தாக்ரிலேட் ஏன் மெதுவா கட்டறது? சொல்லு பாக்கலாம்."

அதுவரை ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்த பேராசிரியர் பத்ரிநாராயணன், என் விண்ணப்பத்தில் தாராவி முகவரியைப் பார்த்ததும் தமிழுக்கு மாறியிருந்தார்.

மும்பை மாட்டுங்காவில் ஆராய்ச்சிப் படிப்புக்கான நேர்முகத் தேர்வு. இருப்பது ஓரிடம். வெளியே இன்னும் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

சொன்னேன். மூலக்கூறுகள் கோத்துக்கொண்டு வளரும் சங்கிலியின் முனையில் கூடுதலாக ஒரு மெத்தில் ஒட்டியிருக்கிறது. அது இடத்தை அடைத்துக்கொள்கிறது. முனையையும் கொஞ்சம் நிலைப்படுத்திவிடுகிறது. அதனால் அடுத்த மூலக்கூறைப் பிடிக்க அதற்கு அவசரம் இல்லை.

"புஸ்தகத்த ஒப்பிச்சுட்டே கோகிலவாணி. உனக்குச் சொந்தமா என்ன தெரியும்?"

எனக்குத் தெரிந்தது எங்கள் சந்துப் பட்டறைதான். அதைச் சொன்னேன். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கில் பரிசுக் கேடயம் வார்ப்பார்கள். டிரம்மில் மெத்தாக்ரிலேட்டை ஊற்றி, வெந்நீர்த் தொட்டியில் இறக்கி, சங்கிலியைத் தொடங்கிவைக்கும் பவுடரை ஒரு பங்கு போடுவார்கள். கஞ்சிப் பதம் வந்ததும் அச்சில் ஊற்றுவார்கள்.

இரண்டு பங்கு விழுந்தால் கொதித்துப் பொங்கிவிடும் என்பதால், பவுடர் போட்டவர் டிரம்மில் சாக்பீஸால் ஒரு கோடு இழுக்க வேண்டும். அந்தப் பட்டறையின் ஒரே சட்டம் அது.

ஒரு நாள் ஜூலை மழை. கூரை ஒழுகியது. அம்மா பவுடர் போட்டு, கோடு இழுத்துவிட்டு, குழாயில் தண்ணீர் வந்துவிட்டதென்று குடத்தோடு ஓடினாள். ஒழுகிய தண்ணீர் கோட்டை அழித்துவிட்டது. கூட வேலை பார்த்த பஞ்சு மாமா வந்தார். கோடு இல்லை. அவரும் ஒரு பங்கு பவுடரைப் போட்டார். புதுக் கோடு இழுத்தார். பீடிக்கு வெளியே போய்விட்டார்.

அம்மா திரும்பி வந்தபோது டிரம்மிலிருந்து ஆவி. கஞ்சிப் பதம் தாண்டிவிட்டது. தகரம் டிக் டிக்கென்று சத்தம் போட்டது.

உள்ளே போனாள். வெளியே வந்தாள். அதன் பிறகுதான் டிரம் பொங்கித் தீப்பிடித்தது. கூரைத் தகடு அடுத்த சந்தில் போய் விழுந்ததாம்.

"அக்ரிலேட்டா இருந்திருந்தா, அம்ம குடத்த நிறைக்கதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும் சார். அந்த மெத்திலத்தான் நான் கும்பிடணும்."

அவர் சிரித்துவிட்டார். "மெத்தில கும்பிடறவள இன்னிக்குத்தான் பாக்கறேன்."

பிறகு நெற்றியைச் சுருக்கினார்.

"அதான் ஆவியப் பாத்துட்டாளே, அப்படியே ஓடியிருக்கலாமே? உள்ள எதுக்குப் போனா? டிரம்மத் தூக்கவா?"

"இல்ல சார். டிரம்முக்குப் பக்கத்துல சேலையில தொட்டில் கட்டியிருந்துச்சு. எனக்கு அப்ப ஏழு மாசம்."