அம்சவள்ளி யாருங்க?

"யாருங்க இந்த அம்சவள்ளி?"

ஆண்டாள் போட்ட சத்தத்தில் தெய்வசிகாமணியின் கையிலிருந்த டீ தளும்பி வேட்டியில் கொட்டியது.

"இன்னாடி, காலங்காத்தால?"

"நல்லா கேக்கறீங்க! 'ரிஷிவந்தியம் கோயிலில் என் மனைவி அம்சவள்ளிக்குத் தாலி கட்டினேன்'னு உங்க புஸ்தகத்துல இருக்குது. அப்போ என் கழுத்துல கட்டினது யாரு?"

தெய்வசிகாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாஜி ஊராட்சித் தலைவர் அவர். வருகிற தையில் எழுபதாம் கல்யாணம். தாம்பூலப் பையில் தேங்காயோடு தன் வாழ்க்கை வரலாற்றையும் போட்டுக் கொடுத்தால்தான் ஆச்சு என்று ஒற்றைக்காலில் நின்றார். அவர் செல்போனில் பேசிப் பேசி அனுப்பியதையெல்லாம் சங்கராபுரம் அச்சகத்து இலக்கியா அழகாக எழுதி, அச்சுக்குப் போகுமுன் படித்துப் பார்க்க ஒரு பிரதி அனுப்பியிருந்தாள். அது முதலில் ஆண்டாள் கையில் சிக்கியதுதான் வினை.

"அம்சவள்ளி நீதான்டி. வாழ்க்கை வரலாறுன்னா பேரை மாத்திப் போடறது ஒரு வழக்கம்."

"கட்டின பொண்டாட்டி பேரைக்கூடவா?"

"உன் தம்பி என் வரப்பை வெட்டின கதையை எழுதியிருக்கேன். அவன் பேரைப் போட்டா நாளைக்கே கள்ளக்குறிச்சி கோர்ட்டுல நிப்பான். எதுக்கு வம்பு? எல்லாருக்கும் மாத்திட்டேன்."

"எல்லாருக்கும் எங்க மாத்தினீங்க? உங்கப்பா பேரு அப்படியே இருக்குது. உங்ககூடக் கடுக்காய் வாங்கக் கல்வராயன் மலைக்கு வந்த சடையன் பேரு இருக்குது. நம்ம சுபாஷ் பேரும் இருக்குது. நான் மட்டும் இளிச்சவாயா?"

தெய்வசிகாமணியின் சிரிப்பு நின்றுபோனது. டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவன் பேரை மாத்த மனசு வரல, ஆண்டாளு" என்றவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கரும்புக்கு மோட்டார் போட வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

ஆண்டாளின் கோபமெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் கரைந்தது.

சுபாஷ் ஒரே பிள்ளை. அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு திருப்பூருக்குப் போனவன், திரும்பவில்லை. "இனி என் வூட்டு வாசப்படி மிதிக்காதே" என்று கத்திய அதே மனுஷன், போன வருஷம் தீபாவளிக்கு முன்னால் தனியாகத் திருப்பூர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அப்போதுதான் ஆண்டாளுக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகியிருந்தது.

"நல்லா இருக்கான். கோவம் தணிஞ்சா தானா வருவான். நீ அழுதுகினு இருக்காதே, நெஞ்சுக்கு ஆகாது" என்றார். பலகாரமும் ஆகாதென்று அந்தத் தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டியே வைக்க விடவில்லை.

பிள்ளை போன் நம்பரைக்கூட மாற்றிவிட்டானாம். அம்மாவோடுகூடப் பேசாதிருக்க அப்படி என்ன வீம்பு என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

இப்போது மறுபடி அந்தப் பக்கத்தைப் படித்தாள். 'சுபாஷைப் போல ஒரு பிள்ளை எந்த அப்பனுக்கும் கிடைக்க மாட்டான்.' கண்ணில் நீர் முட்டியது. இதைப் படித்தால் எப்பேர்ப்பட்ட கோபக்காரனும் அடுத்த பஸ் ஏறிவிட மாட்டானா! முதல் புத்தகத்தைத் திருப்பூருக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். எழுபதாம் கல்யாணத்துக்குப் பிள்ளை வந்து நிற்பான்.

ஆனால் அம்மா இருக்க வேண்டிய இடத்தில் எவளோ ஓர் அம்சவள்ளியைப் பார்த்தால் என்ன நினைப்பான்? ஆண்டாள் உடனே அச்சகத்துக்குப் போன் போட்டாள்.

"இலக்கியா, நான் ஆண்டாள் பேசறேன். தலைவர் வூட்டம்மா. அந்த அம்சவள்ளியை எடுத்துட்டு என் பேரைப் போட்டுடு கண்ணு."

"அய்யய்யோ, வேணாம்மா! உங்க வாயால அப்படிச் சொல்லாதீங்க!"

ஆண்டாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என் பேரைப் போடச் சொன்னா இன்னாத்துக்கு இப்படிப் பதறுற? சுபாஷுக்குப் போட்ட மாதிரி எனக்கும் சொந்தப் பேரைப் போடு. என் பிள்ளை பக்கத்துல என் பேரு இருந்தாத்தான் எனக்கு நிம்மதி."

மறுமுனையில் இலக்கியா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்க துக்கம் புரியுதும்மா. ஆனா நீங்க நூறு வயசு இருக்கணும். உயிரோட இருக்கறவங்க பேரைத்தாம்மா மாத்தச் சொன்னாரு ஐயா. செத்தவங்க வந்து கேஸ் போடப் போறதில்ல, அவங்களுக்கு மட்டும் சொந்தப் பேரே இருக்கட்டும்னாரு."