ஒன்றும் அறியாதவள்

கணவனின் சட்டையை உதறினாள். பாக்கெட்டிலிருந்து ஒரு ஜிமிக்கி விழுந்து தரையில் உருண்டது. அதை எடுத்துக் கண்ணெதிரே பிடித்தவள், "இது யாரோடது?" என்று கதறிக்கொண்டே அடுப்படியில் சரிந்தாள்.

கட் சொன்னார் இயக்குநர். சரியாக வரவில்லை, இன்னொரு தடவை போகலாம் என்றார்.

ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த நிஜ மனைவிக்கு எரிச்சலாக வந்தது. அடுத்தடுத்து ஐந்து பெண்களைக் கொன்று தூக்குக்குப் போன அவள் புருஷனின் கதைதான் படம். ஆனால் அவனை வில்லனாகக் காட்டாமல், அவனே உலகம் என்று நம்பியிருந்த மனைவியின் கண் வழியாகக் காட்டப் போகிறோம் என்று சொல்லித்தான் அவளைத் தேடி வந்திருந்தார்கள்.

அதற்காகத்தான் அவளும் ஒத்துக்கொண்டாள். வீட்டில் எதையுமே பார்த்ததில்லை என்று சத்தியம் செய்தவளைக் கோர்ட்டே பாவம் என்று விட்டுவிட்டது, தெருதான் விடவில்லை. கடைக்குப் போனால் விலகி நின்றார்கள். நாத்தனார் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். படம் வரட்டும், அத்தனை பேரையும் முதல் வரிசையில் உட்கார வைத்து மூக்கைச் சிந்த வைக்கிறேன் என்று கறுவிக்கொண்டிருந்தாள்.

அவளாக நடிக்க வந்த பெண்ணும் லேசுப்பட்டவள் இல்லை. அக்கா அக்கா என்று கூடவே சுற்றி, முந்தானையை இழுத்துச் செருகுவதிலிருந்து மூக்கை உறிஞ்சுவது வரை அப்படியே பிடித்துக்கொண்டாள். போலீஸ் கதவைத் தட்டும் காட்சி, கோர்ட்டில் அழும் காட்சி எல்லாமே முதல் தடவையிலேயே ஓகே.

இந்தச் சட்டைக் காட்சிக்கு மட்டும் என்ன கேடு வந்ததோ, காலையிலிருந்து சொதப்பிக்கொண்டிருந்தாள். இது நடந்ததில்லை, சினிமாவுக்காகச் சேர்த்தது என்று இயக்குநர் முன்பே சொல்லியிருந்தார். புருஷன் வேறு ஒருத்தியோடு சுற்றுகிறான் என்று நினைத்து அழும் அப்பாவி மனைவி. ஜனங்கள் உருகிப் போவார்கள் என்றதும் நிஜ மனைவியும் தலையாட்டிவிட்டாள்.

மறுபடியும் சட்டை உதறப்பட்டது, ஜிமிக்கி உருண்டது. இந்த முறை கதறிய வேகத்தில் ஒரு பாத்திரம் வேறு கவிழ்ந்தது.

"எனக்கு வரவே மாட்டேங்குதுக்கா," என்றாள் நடிகை, முகம் தொங்கிப்போய். "நீங்க ஒரு தடவை செஞ்சு காட்டுங்களேன்."

இதற்குத்தானே காத்திருந்தாள்! கொண்டையை முடிந்துகொண்டு எழுந்து வந்து சட்டையை வெடுக்கென்று பிடுங்கினாள் நிஜ மனைவி. கேமராவை ஓடவிடச் சொல்லி இயக்குநர் கேமராமேனைப் பார்த்துக் கையை மட்டும் அசைத்தார்.

"மொதல்ல இந்த ஜிமிக்கியைத் தூக்கிப் போடு. இவ்வளவு பெரிசு பாக்கெட்டுல கெடந்தா சட்டையைத் தொட்டாலே தெரியாதா? கத்தவும் கூடாது, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும். தண்ணில முக்கறதுக்கு முன்னாடி பாக்கெட்டுல கைவிடுவோம்ல, அப்பத்தான் வெரல்ல குத்தும். சின்னத் தோடு, ஒத்தைக் கல்லு. திருகாணி தொலைஞ்சிருக்கும் போல, பின்னால அழிரப்பர் துண்டைக் குத்தி வெச்சிருந்தா. அதை இப்படி உள்ளங்கையில மூடிக்கிட்டு, யாராச்சும் பார்க்கறாங்களான்னு சுத்தி ஒரு பார்வை. மொத தடவைங்கறதால கை கொஞ்சம் நடுங்கும், அதை வேணா வெச்சுக்க. அப்புறம் சட்டையை அலசிக் காயப்போட்டுட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதான்."

பிரமாதமாகச் செய்து காட்டிவிட்ட திருப்தியோடு நிமிர்ந்தாள். யாரும் கை தட்டவில்லை. இயக்குநர் கட் சொல்லவும் இல்லை.

நடிகை மூடிய அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் முகத்தில் இருந்த பணிவில் ஒரு துளிகூட இப்போது இல்லை.

"என் தங்கச்சிக்கு அந்த ரப்பரை வெட்டிக் குடுத்தது நான்தான்க்கா."