கன்னத்தில் ஒரு விதை

அடுப்படியில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, பெண் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த தட்டிலிருந்து ஒரு சீத்தாப்பழத்தைப் பிட்டேன்.

பூவும் வெற்றிலையும் இருக்கிற தட்டில் யாரும் சீத்தாப்பழம் வைப்பதில்லை. அதனால்தான் கை போனது.

சதை இளஞ்சிவப்பாக இருந்தது.

எங்கள் தோட்டத்திலும் ஒரு சீத்தா மரம் உண்டு. அந்த மணல் மணலான வெறும் இனிப்பு எனக்குப் பழக்கம். இது அது இல்லை. வாயில் வைத்ததும் சத்தமில்லாமல் கரைந்தது. எங்கோ இரண்டு தெரு தள்ளி யாரோ பலாப்பழம் அரிவது போல ஒரு வாசனை வந்தது. கடைசியில் நாக்கின் ஓரத்தில் ஒரு துளி புளிப்பு நின்றது.

எம்.எஸ்சி. தாவரவியல் முடித்திருக்கிறேன். இப்படி ஒரு ரகத்தை எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

கண்ணை மூடினேன். கூடத்துப் பேச்செல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது.

"பிரபா!"

அம்மாதான். கடைசி விதையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு காபித் தட்டோடு போனேன்.

'எனக்கு இப்போது கல்யாணம் வேண்டாம், ஆராய்ச்சிக்குச் சேர வேண்டும்.' கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம். யார் முன்னாலும் வாய் திறக்காத நான் இன்று திறந்தே ஆக வேண்டும்.

மாப்பிள்ளையின் அம்மா பாஞ்சாலி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா, புட்ச்சிகீதா?"

நாக்கில் அந்தப் புளிப்பு இன்னும் இருந்தது.

"ரொம்ப" என்றேன்.

கூடம் சிரித்தது. "கூச்சப்படுற பொண்ணுன்னீங்களே! எங்க புள்ளதான் கூச்சப்பட்டுக்கினு கீறான்!"

எங்களைப் பேசிவிட்டு வரச்சொல்லித் தோட்டத்துக்கு அனுப்பினார்கள்.

மாப்பிள்ளை வேதகிரிக்குப் பெருநகர் என்ற கிராமத்தில் விவசாயம். எங்கள் சீத்தா மரத்தடியில் நின்று, தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"பழத்தத்தான சொன்னீங்க? ஒதட்டுல ஒட்டிக்கினு கீது."

துடைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

"பேஜாராவாதீங்க. ஜாதகம் ஒத்துவரலன்னு நானே சொல்லிடறேன்."

நிம்மதி வந்திருக்க வேண்டும். கேள்விதான் வந்தது.

"அது எந்த மரம்?"

"எங்க கொல்ல ரோட்டாண்டதான். காலேஜு பஸ்ஸு அங்கதான் நிக்கும். கடைசி ஜன்னல்லர்ந்து ஒரு பொண்ணு சுத்திமுத்திப் பாத்துட்டு கொட்டையத் துப்பும். ஒரு தபா என் தலமேலயே வுயுந்துது." முதல்முறையாக நிமிர்ந்தார். "வரப்புல ஒண்ணு மொளச்சிது. கொத்தாம வுட்டுட்டேன். இதான் மொதக் காய்ப்பு."

ஐந்து வருடம் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து போனேன். மடியில் எங்கள் தோட்டத்துப் பழம் இருக்கும்.

மேலே பார்த்தேன். தாய் இந்த மரம்தான். தந்தை யாரென்று, என்றோ இதன் பூவுக்குள் நுழைந்து வந்த வண்டுக்குத்தான் தெரியும்.

வேதகிரி கூடத்தை நோக்கி நடந்தார்.

"இப்ப எதுவும் சொல்லிடாதீங்க" என்றேன். சொற்கள் கன்னத்து விதையில் இடறிக் குழறின.

அவர் திரும்பினார். "இன்னா?"

இந்த முறை நான் சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. அவர் எதிரிலேயே விதையைத் துப்பினேன்.