நாலு பேருக்கும் ஒரே அம்மா

"என் பொண்ணையா திருடின்னு சொல்றீங்க?"

ஜெராக்ஸ்காரர் போட்ட சத்தத்தில் பக்கத்து அறை கிளார்க் எட்டிப் பார்த்தார். காலேஜ் கேட்டுக்குள்ளேயே பதினைந்து வருஷமாகக் கடை வைத்திருக்கிற மனுஷர். 'வாங்க தம்பி, எத்தனை காப்பி?' என்பதைத் தாண்டி அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

"உட்காருங்க சார்," என்றார் பேராசிரியை.

"உட்கார வரல மேடம், நியாயம் கேக்க வந்தேன்! நாலு மாசம் பாடுபட்டிருக்கா. லைப்ரரியில முப்பத்தோரு புத்தகம் எடுத்தா. நீங்க கிளாஸ்ல சொன்ன மாதிரியே ஒவ்வொண்ணுக்கும் ஒரு அட்டை. யார் எழுதினது, எந்த வருஷம், எந்தப் பக்கம், எல்லாம் குறிச்சு வெச்சிருக்கா. ஒரு செருப்புப் பெட்டி நிறைய அட்டை! சாப்பிடறப்பகூட பெட்டி பக்கத்துலயேதான். அவளைப் போய் காப்பியடிச்சான்னு சொல்ல எப்படி மனசு வந்தது?"

மகள் சுவரோரமாக நின்றிருந்தாள். "விடுங்கப்பா. போலாம்."

"நீ சும்மா இரு. உனக்கு வாய் இல்லேன்னா எனக்கு இருக்கு!"

பேராசிரியை மேஜைமேல் நாலு கட்டுரைகளை வரிசையாக வைத்தார். நாலுக்கும் ஒரே தலைப்பு: வீட்டுத் தையல் பெண்களின் முதுகுவலி.

"இந்த மூணும் பசங்களோடது. திங்கட்கிழமையே வந்துடுச்சு. உங்க பொண்ணோடது வியாழக்கிழமை வந்தது. வரிக்கு வரி ஒண்ணு. கடைசியில இருக்கிற ஆதாரப் பட்டியல்லகூட ஒரே ஒரு பக்க எண்தான் வித்தியாசம்."

"அந்த ஒரு எண்ணுக்காகத்தான் மேடம் இவ லேட்டு! எழுதி முடிச்சு ஒரு வாரம் ஆச்சு. 'அந்தப் பக்க எண் சந்தேகமா இருக்குப்பா'ன்னு திரும்ப லைப்ரரிக்கு ஓடினா. அதுக்குள்ள அந்தத் தடிமாடுங்க எப்படியோ சுட்டிருக்கானுங்க!"

அவரே ஒரு பையனின் கட்டுரையை எடுத்துப் புரட்டினார். பன்னிரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

"இதைப் பாருங்க! 'நேர்காணல்: என் அம்மா, இருபத்திரண்டு வருஷமாக வீட்டில் தைக்கிறார்.' இது என் வீட்டுக்காரி மேடம்! அந்த ரெண்டுலயும் பாருங்க. அங்கேயும் என் அம்மா, இருபத்திரண்டு வருஷம்! நாலு பேருக்கும் ஒரே அம்மாவா? உள்ளே என்ன இருக்குன்னு ஒரு வரி படிச்சுப் பார்க்கல, கூறுகெட்ட ஜென்மங்க! அவனுங்க அம்மாவையெல்லாம் கூப்பிடுங்க, மிஷினை மிதிச்சுக் காட்டட்டும் பார்ப்போம்!"

பேராசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

"எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கு சார். இவதான் எழுதியிருப்பான்னுதான் தோணுது. ஆனா அது அவங்க கைக்கு எப்படிப் போச்சு? எடுத்துக் கொடுத்தது யாரா இருந்தாலும் இந்தக் காம்பவுண்டுக்குள்ள கால் வைக்க முடியாது. பசங்க வாயே திறக்கல. இவளும் ரெண்டு நாளா ஊமையா நிக்கறா."

"யாரும்மா அது? சொல்லு!" ஜெராக்ஸ்காரர் மகள் பக்கம் திரும்பினார். "எவன் அவன்? அடுத்தவ உழைப்பை எடுத்துக் கொடுத்தவன் உருப்படுவானா? என் பொண்ணு வாயில பொய்யே வராது மேடம். சொல்லும்மா!"

மகள் நிமிரவே இல்லை.

"நான்தான் மேடம் காப்பியடிச்சேன். அவங்களோடதைப் பார்த்து எழுதினேன்."

"என்னடி உளர்றே?"

ஆத்திரத்தோடு பையனின் கட்டுரையை மறுபடி பிரித்தார். இப்போதுதான் கண்ணில் பட்டது. பக்கத்தின் இடது ஓரத்தில் மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு. அடுத்த பக்கத்திலும் இருந்தது. எல்லாப் பக்கத்திலும் இருந்தது.

பத்து நாளாக அவர் கடை மிஷினில் விழுகிற கோடு. மெக்கானிக் வந்தபாடில்லை.

போன வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. மூணு பசங்க, ஒருத்தன் பின்னால் ஒருத்தனாக. 'அண்ணே, கம்ப்யூட்டர்ல எந்த ப்ராஜெக்டாவது கிடக்குதாண்ணே? அவசரம்ணே.' முதல் பக்கம் இல்லாமல் ஒன்று மேலேயே கிடந்தது. யாரோ பிரிண்ட் எடுத்துவிட்டு அழிக்காமல் போயிருப்பார்கள் என்று நினைத்தார். முன்னால் அவரவர் பெயரைப் போட்டு, பைண்ட் பண்ணிக் கொடுத்தார். வருஷா வருஷம் செய்கிறதுதானே! உள்ளே என்ன இருக்கிறதென்று ஒரு வரி படிக்கவில்லை.

மகள் ராத்திரியில் உட்கார்ந்து டைப் பண்ணினதும் கடையின் அதே கம்ப்யூட்டரில்தான். கட்டுரையை மெல்ல மேஜைமேல் வைத்தார்.

"அவளே ஒத்துக்கிட்டா. இனி நான் என்ன பண்ண முடியும்?" பேராசிரியை பெருமூச்சோடு ஒரு கடிதத்தை நகர்த்தினார். "இந்த வருஷம் போச்சு. அடுத்த வருஷம் திரும்ப எழுதட்டும். இதுல அப்பா கையெழுத்து வேணும்."

கடிதத்தில் ஒரே வரி. 'என் மகள் பிறர் உழைப்பைத் திருடியது உண்மை.'

"போடுங்கப்பா," என்றாள் மகள். "ஒரு வருஷம்தானேப்பா. கடை..." பாதியில் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஜெராக்ஸ்காரர் பேனாவை எடுத்தார். ரொம்ப நேரம் எழுதினார். ஒரு கையெழுத்துக்கு இத்தனை நேரமா என்று பேராசிரியை எட்டிப் பார்த்தார்.

கடிதத்தில் இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தியிருந்தது. கீழே கையெழுத்து.

'நான் என் மகள் உழைப்பைத் திருடியது உண்மை.'