சவப்பெட்டிக்கு ஒரு முகத்தகடு

"விளிம்பை இன்னும் எவ்வளவு நேரந்தான் தேய்ப்பீங்க? பெட்டிச் சட்டத்துக்குள்ள போகப்போறது. யாரு தடவிப் பார்க்கப்போறா?" என்றாள் கிறிசாந்தோவின் மனைவி மாரிலூ.

கிறிசாந்தோ நிமிரவில்லை. உப்புத்தாளை நனைத்து நனைத்து அக்ரிலிக் தகட்டின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சாமி சிலைகளுக்குக் கண்ணாடிபோல் கூடு செய்து விற்பது அவனுடைய வீட்டுத் தொழில். இன்று வெட்டியது தம்பி ஜோவித்தின் சவப்பெட்டிக்கு. படகில் வரும்போது பெட்டியில் முகம் தெரியப் பதித்திருந்த கண்ணாடி உடைந்துபோனதால், மேலே பலகையை வைத்து மூடியிருந்தார்கள்.

"ஓரம் கரடா இருந்தா அங்கேருந்துதான் விரிசல் விடும்."

"அத்தை காலையிலேருந்து 'முகத்தைக் காட்டு, முகத்தைக் காட்டு'ன்னு புலம்பிக்கிட்டே இருக்காங்க."

"கடல்ல ஊறின முகம், மாரிலூ. அதை அவங்க பார்த்துத்தான் ஆகணுமா?"

"பெத்தவங்க. பார்க்காம எப்படிங்க அனுப்புவாங்க?"

ஜோவித் போன படகு கவிழ்ந்ததிலிருந்து சோறு தண்ணி இல்லாமல் கரையிலேயே கிடந்தவள் அம்மா. கிறிசாந்தோ பக்கத்துத் தீவுக்குப் போய், அடையாளம் காட்டி, உடலைக் கொண்டுவந்த பிறகுதான் வீட்டுக்கு வந்து ஒரு வாய் கஞ்சி குடித்தாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி பழையபடி ஆகிவிடுவாளோ என்று பயந்தான்.

ஓரத்தில் லேசாகத் தீ காட்டி மெருகேற்றினான். அதற்குமேல் சாக்குச் சொல்ல வேலை எதுவும் மிச்சமில்லை. தகட்டின்மேல் ஒட்டியிருந்த காகிதத்தை உரித்து, பலகையை எடுத்துவிட்டு அதைப் பொருத்தினான்.

பெட்டிக்குக் காவலாக ராவெல்லாம் விழித்திருக்கக் கூடத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அம்மா குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஊதிப்போனாலும் அதே ஜாடை! நம்ம ஜோவித்தேதான்!" என்று பக்கத்து வீட்டுக்காரி வாய்விட்டு அழுதாள்.

அம்மாவின் கண்கள் தளும்பின. கிறிசாந்தோ பதறிப்போய்க் கைக்குட்டையை நீட்டினான்.

"அம்மா, அழாதீங்க! பெத்தவ கண்ணீர் பெட்டிமேல விழக் கூடாது. போறவனுக்கு வழி கனத்துப்போகும்."

அவள் அவன் கையை விலக்கினாள். அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"விழட்டும்டா. என் கண்ணீர் இவனை ஒண்ணும் பண்ணாது. தெரிஞ்சே தூக்கிட்டு வந்துட்டியே, இவனைப் பெத்தவ எந்தக் கரையில கடலைப் பார்த்துக்கிட்டுக் கிடக்கிறாளோ!"