வயர் இல்லாத மெஷின்

இரும்புப் பட்டையில் ஓட்டை விழுந்து, பிசிறு சுருள் சுருளாகத் தரையில் உதிர்ந்தது. லாரிப் பட்டறை தங்கசாமி மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சரிப்படாது பாய்."

மைதீன் பாட்சாவுக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. சங்கரன்கோவில் முழுக்கக் கரண்டு போய்க் கிடக்கிறது. ராஜபாளையம் ரோட்டில் ஒரு பட்டறையும் ஓடவில்லை. காலையில் ஏற்றி வைத்த சார்ஜில், வயரும் இல்லாமல் பிளக்கும் இல்லாமல், இந்த ஜப்பான் மெஷின் கண்ணெதிரே இரும்பைத் துளைத்துக் காட்டியிருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டுமாம்?

"இதுல என்ன அண்ணாச்சி சரிப்படல?"

"கனம். நாள் பூரா பிடிச்சா தோள்பட்டை கழண்டுரும்."

"அப்போ இதைப் பாருங்க. பாதி கனம்தான். லாரிக்கு அடியில படுத்து வேலை பாக்கதுக்குத் தோதா இருக்கும்."

"பொம்மை கணக்கா இருக்கு வே. சின்னப் பிள்ளைகளுக்கு வேணா வாங்கிக் குடுக்கலாம்."

விலையைக் குறைக்க நினைப்பவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று மைதீனுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? சவூதியில் பழைய கம்பெனியை மூடிவிட்டார்கள். பம்பாய் ஏஜெண்டு கையில் புது விசா இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் போய்ச் சேராவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். மனைவி அலிமா பீவியின் நகையெல்லாம் தங்கச்சி கல்யாணத்தோடு கரைந்தாயிற்று. விற்பதற்கு வீட்டில் மிஞ்சியிருப்பவை, லீவில் வரும்போது கொண்டுவந்த இந்த மெஷின்கள்தான்.

காலையிலிருந்தே வேடிக்கை பார்க்க ஒரு தெருவே வந்தது. வாங்க வந்தவர்களோ சொல்லி வைத்ததுபோல் குறை சொன்னார்கள். விசைத்தறி ஃபிட்டர் மூக்காண்டி, சத்தம் காதைத் துளைக்கிறது என்றார். இத்தனை காலம் தறிச் சத்தத்துக்கு நடுவில் குடியிருக்கிற மனுஷன்! தச்சு வேலை தேவசுந்தரத்துக்கு நிறம் பிடிக்கவில்லையாம். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார்கூட இவ்வளவு நொட்டை சொல்லமாட்டார்கள்.

"சின்னதா இன்னொண்ணு வச்சிருக்கீராமே, ஸ்குரூ முடுக்குதது? அதையும் காட்டும்" என்றார் தங்கசாமி.

அதை விற்கும் எண்ணமே மைதீனுக்கு இல்லை. வெளியில் யாரிடமும் அதைப் பற்றிச் சொன்னதும் இல்லை. கட்டிலுக்கு அடியில் துணி சுற்றி வைத்திருந்தார். வாங்க வந்தவர் கேட்கும்போது மறைக்கவா முடியும்? எடுத்துவந்து கொடுத்தார்.

கைக்கு அடக்கமான மெஷின். தங்கசாமி ஜன்னல் கீலில் இருந்த ஸ்குரூவைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். சுவிட்சை விட்டு விரல் வர மாட்டேன் என்றது. அவர் முகத்தில் ஆசையைப் பார்த்ததும் மைதீனுக்கு உயிர் வந்தது.

"பேட்டரி போச்சுன்னா?"

"வருசக்கணக்குல தாங்கும் அண்ணாச்சி."

"போச்சுன்னா எங்க போய் வாங்க? நம்ம ஊர்க் கடையில டார்ச் லைட்டுக் கட்டைதானே கிடைக்கும்."

மைதீன் இறங்கியே வந்துவிட்டார். "மூணையும் சேத்து எடுத்துக்கிடுங்க. நீங்க சொல்லுத விலைக்குத் தாரேன்."

இந்த வார்த்தைக்காகத்தான் மனுஷர் இவ்வளவு நேரம் மல்லுக்கட்டினார் என்று யாரும் நினைப்பார்கள். தங்கசாமியோ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

"சும்மா குடுத்தாலும் வேண்டாம் வே."

மைதீனுக்கு வந்ததே கோபம்.

"மெஷின்ல குத்தமா, உங்க கண்ணுல குத்தமா? சவூதியில இதை வச்சு ஒரு கட்டடம் பூராவுக்கும் கதவு மாட்டியிருக்கேன். வேண்டாம், ஒருத்தரும் வாங்க வேண்டாம்! நானே இங்கன ஒரு பட்டறையைப் போட்டு, கரண்டு போற நேரமாப் பாத்து உங்க கிராக்கியை எல்லாம் இழுக்கேனா இல்லையா பாருங்க!"

"போடும் வே, போடும். யாரு வேண்டாம்னா?" என்றார் தங்கசாமி, கொஞ்சமும் சூடில்லாமல்.

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று மைதீனுக்கே உறைத்தது. மகள் இப்போதுதான் பயமில்லாமல் வாப்பா மடியில் உட்காரப் பழகியிருக்கிறாள். மறுபடி அவளை விட்டுப் போக அவருக்கு மனசே இல்லை. இந்த மெஷின்களை நம்பி ஊரில் பிழைக்க முடியுமா? ஆசைதான், ஆனால் பயமாகவும் இருந்தது.

பள்ளிவாசலில் அஸர் பாங்கு கேட்டது. மைதீன் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"துஆ கேட்டாவது ஒரு நல்ல ஆள் வருதானான்னு பாக்கேன்" என்று முணுமுணுத்தபடி, விறுவிறுவென்று தெருவில் இறங்கி நடந்தார்.

தங்கசாமி பக்கத்துச் சந்தில் நிறுத்தியிருந்த சைக்கிளை எடுக்கப் போனார். சந்தைப் பார்த்திருந்த அடுக்களைக் கதவு லேசாகத் திறந்தது. உள்ளே அலிமா பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். அழுதிருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் முகம் சிரித்தது.

"பட்டறை போடுவேன்னு அவுக வாயால இன்னைக்குத்தான் வந்திருக்கு" என்றாள் மெதுவாக. "வெள்ளிக்கிழமை வரைக்கும் குத்தம் சொல்லுததுக்கு இன்னும் ஒரு ஆளை அனுப்பி வையுங்க அண்ணாச்சி."